1974 கோனோ கிளாசிக்கல் கிட்டார் விற்பனைக்கு (நேரில் வந்து வாசித்துப் பார்ப்பவர்களுக்கு மட்டும்)

யீஷூன்_ஆறுதந்தி:

எல்லாருக்கும் வணக்கம். ஜப்பானியக் கிட்டார் கைவினைஞர் மசாரு கோனோவின் தோக்கியோ பட்டறையில் 1974இல் செய்த கிளாசிக்கல் கிட்டார் ஒன்றை விற்கிறேன். மாடல் 10. லேபிளில் ஆண்டும் கையெழுத்தும் தெளிவாக இருக்கின்றன. மேல்பலகை ஸ்புரூஸ் மரம், பின்னும் பக்கமும் ஈட்டி மரம், விரல் பதிக்கும் ஃபிரெட் போர்டு கருங்காலி. தந்தி நீளம் 650 மி.மீ., நட் (கழுத்தின் தலைப்பக்கம் தந்திகள் அமரும் துண்டு) அகலம் 52 மி.மீ.

குறைகளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேல்பலகையில், தந்திகளைக் கட்டும் பிரிட்ஜுக்குக் கீழே முதல் தந்திப் பக்கம் சுமார் 9 செ.மீ. நீளத்துக்கு ஒரு விரிசல். பழையது. உள்ளே குறுக்காகச் சின்ன மரத்துண்டுகள் வைத்து ஒட்டியிருக்கிறது, நான் வாங்கியதிலிருந்து அது நகரவில்லை, ஆனால் விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் கோடு தெரியும். முதல் மூன்று ஃபிரெட்களில் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளில்) தந்தி பதிந்து பள்ளம் விழுந்திருக்கிறது. டியூனிங் கீ மாற்றியது, இப்போது இருப்பது கோட்டோ நிறுவனத்துடையது. பெட்டியின் ஒரு கொக்கி உடைந்துவிட்டது. பன்னிரண்டாவது ஃபிரெட்டில் ஆறாம் தந்தியின் உயரம் 4.2 மி.மீ., முதல் தந்தி 3.3. பிரிட்ஜின் மேல் தந்திகளைத் தாங்கும் சாடிலை இன்னும் இறக்க இடம் இருக்கிறது.

இடது கை மூட்டு வலியால் பாரே (ஒரே விரலால் பல தந்திகளையும் சேர்த்து அழுத்துவது) பிடிக்க முடியவில்லை. வாசிக்காத கிட்டாரைப் பெட்டியில் பூட்டி வைத்திருக்க எனக்கு மனம் வரவில்லை, அதனால்தான் விற்கிறேன். விலை 2,900 சிங்கப்பூர் வெள்ளி. அஞ்சலில் அனுப்ப மாட்டேன். யீஷூனுக்கு வந்து எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வாசித்துப் பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் தேநீர் குடித்துவிட்டுப் போகலாம், வருத்தம் இல்லை.

பீடோக்_பாஸ்:

அண்ணே, கிட்டார் அழகாக இருக்கிறது. கேட்கிறேன் என்று தப்பாக நினைக்காதீர்கள். கரோசெல் விற்பனைத் தளத்தில் எழுபதுகளில் வந்த ஜப்பான் கிட்டார் 500, 600 வெள்ளிக்கே கிடைக்கிறது. அதுவும் பழசுதான், ஈட்டி மரம் என்றுதான் போடுகிறார்கள். இது மட்டும் ஏன் ஐந்து மடங்கு? விரிசல் வேறு இருக்கிறதே.

ஜொகூர்_தச்சன்:

தம்பி, இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். விற்பவர் தன் பொருளைத் தானே புகழ வேண்டாம்.

எழுபதுகளில் ஜப்பானில் கிட்டார் இரண்டு விதமாக வந்தது. ஒன்று தொழிற்சாலை கிட்டார். பெரும்பாலும் பின்னும் பக்கமும் பிளைவுட், மேலே மட்டும் ஈட்டி மரத்தின் மெல்லிய தோல் ஒட்டியிருக்கும். மேல்பலகைகூடச் சிலவற்றில் பிளைவுட்தான். அது கெட்ட கிட்டார் என்று சொல்ல மாட்டேன், பழக அது போதும். இன்னொன்று கோனோ மாதிரி பட்டறையில் வந்தது. முழுப்பலகை. மேல்பலகையைத் தட்டித் தட்டிக் காதால் கேட்டு, எங்கே எவ்வளவு சீவ வேண்டும் என்று பார்த்துச் சீவியது. உள்ளே விசிறி மாதிரி ஒட்டுகிற சட்டங்களையும் ஒவ்வொரு பலகைக்கும் தனித்தனியாகச் செதுக்குவார்கள். இந்த விசிறி அமைப்பை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தவர் ஸ்பெயினின் அல்மேரியாக்காரரான அந்தோனியோ டி டோரஸ் (1817–1892). 650 மி.மீ. நீளம் வழக்கமானதும் அவர் வழியில்தான்.

கோனோ 1926இல் பிறந்து 1998இல் காலமானவர். 1960இல் ஸ்பெயினுக்குப் போய் மாட்ரிட்டில் ஆர்காஞ்சல் ஃபெர்னாண்டஸின் பட்டறையில் இருந்து தொழிலைப் பார்த்துக்கொண்டு வந்தார். 1967இல் பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் நடந்த கிட்டார் செய்பவர்களுக்கான போட்டியில் முதல் பரிசு வாங்கினார். மாடல் எண் அந்தக் காலத்து விலைதான்: 10 என்றால் ஒரு லட்சம் யென், 30 என்றால் மூன்று லட்சம். அப்படிப் பார்த்தால் இது அவருடைய நடுத்தரக் கிட்டார். உச்சத்தில் இருந்ததும் இல்லை, மலிவானதும் இல்லை.

விரிசலைப் பற்றி: பழைய முழுப்பலகைக் கிட்டாரில் ஒட்டிய விரிசல் இருப்பது சாதாரணம். ஒட்டு சரியாக இருந்தால் சத்தத்துக்கு ஒன்றும் ஆகாது, விலைதான் கொஞ்சம் இறங்கும். நான் விரிசலைவிடக் கழுத்தைத்தான் முதலில் பார்ப்பேன். கிளாசிக்கல் கிட்டாரின் கழுத்துக்குள் பெரும்பாலும் டிரஸ் ராடு (வளைவைச் சரிசெய்யும் உலோகக் கம்பி) கிடையாது. வளைந்துவிட்டால் திருகாணியைத் திருப்பிச் சரிசெய்ய முடியாது, ஃபிரெட்டை எல்லாம் பிடுங்கிப் போர்டைச் சீவ வேண்டும். அந்தச் செலவு வந்தால் விலையில் லாபம் பார்த்தது எல்லாம் போய்விடும்.

கைவேலை_பிரியன்:

பட்டறை என்றால் பல பேர் சேர்ந்து செய்தது. கோனோ தானே உட்கார்ந்து செய்ததா என்று யாருக்கும் தெரியாது. அதைக் கைவேலை என்று சொல்லி 2,900 கேட்பது எனக்கு ஒப்பவில்லை. தனி ஒருவர் தொடக்கத்திலிருந்து கடைசிவரை செய்தால்தான் அதற்கு அந்த மதிப்பு.

ஜொகூர்_தச்சன்:

அப்படிப் பார்த்தால் மாட்ரிட்டில் மூன்றாம் ஹொசே ராமிரெஸின் பட்டறையிலிருந்து வந்த கிட்டார்களையும் தள்ளிவிட வேண்டும். அங்கேயும் பல தொழிலாளர்கள். செய்த ஆளின் முதலெழுத்தை உள்ளே முத்திரையாகக் குத்தியிருப்பார்கள், லேபிளில் இருப்பது ராமிரெஸ் பெயர். ஸ்பெயினின் கிட்டார் மேதை செகோவியா மேடையில் வாசித்தவற்றில் அந்தக் கிட்டாரும் உண்டு. நம் ஊரில் கோயில் தேர் செய்கிறார்கள், தலைமை ஸ்தபதி ஒவ்வொரு உளியையும் தானா பிடிக்கிறார்? எந்தப் பலகை, எவ்வளவு கனம், எது சரி, எது தள்ளுபடி என்று முடிவெடுப்பது யார் என்பதுதான் முக்கியம். கோனோ பட்டறையில் அந்தக் கண்டிப்பு இருந்தது. என் கைக்கு வந்த அந்தக் காலத்துக் கிட்டார்களைத் திறந்து பார்த்து வேலை செய்தவன் என்கிற உரிமையில் சொல்கிறேன். உள்ளே பசை வழிந்த தடம்கூட இருக்காது.

வீணை_வீடு:

நான் கிட்டார் வாசிப்பதில்லை, எங்கள் வீட்டில் தஞ்சாவூர் வீணை இருக்கிறது. ஆனால் இங்கே மர வாத்தியம் வைத்திருக்கும் எல்லாருக்கும் ஒரே தொல்லை, அதனால் எழுதுகிறேன். இந்தக் கிட்டாரை எத்தனை வருடம் எப்படி வைத்திருந்தீர்கள் அண்ணா? யாரும் அதைக் கேட்கவே இல்லை.

சிங்கப்பூரில் ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 82 சதவீதம். விடியற்காலையில் 90ஐத் தாண்டும், மழை இல்லாத நாளில் மத்தியானம் 60 வரை இறங்கும். கிட்டாருக்கு நல்லது 45 முதல் 55 என்கிறார்கள். வெறும் ஈரத்தைக்கூடத் தாங்கிவிடலாம். ராத்திரி படுக்கையறையில் ஏர்கான், காலையில் ஜன்னலைத் திறந்துவிடுவது, மறுபடி ராத்திரி ஏர்கான். இந்த ஏற்ற இறக்கம்தான் மரத்தைக் கொல்கிறது. எங்கள் வீணையில் மெழுகு இளகி மேளமே (மெழுகில் பதித்த மெட்டுகளின் வரிசை) கலைந்துபோனது இதனால்தான். வீணைக்கு மெழுகை மறுபடி வார்த்து மேளம் கட்டலாம். கிட்டாரில் மேல்பலகை பிளந்தால் என்ன செய்வீர்கள்?

யீஷூன்_ஆறுதந்தி:

நல்ல கேள்வி அக்கா. சொல்லியிருக்க வேண்டிய விவரம்தான்.

எங்களுடையது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. கிட்டார் இருக்கும் அறையில் ஏர்கான் கிடையாது, ஈரம் உறிஞ்சும் மின்கருவி மட்டும்தான். பெட்டியை வெளிச்சுவரை ஒட்டி வைப்பதில்லை, உள்சுவர் ஓரமாக, தரையிலிருந்து தூக்கி வைத்திருக்கிறேன். பெட்டிக்குள் ஈரமானி ஒன்று. அது 52க்கும் 58க்கும் நடுவில் நிற்கிறது. ஈரமானி சரியாகக் காட்டுகிறதா என்று உப்பு வைத்தும் பார்த்துக்கொள்வேன்: ஒரு மூடியில் சமையல் உப்பைப் போட்டு, சேறு மாதிரி ஆகும் அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, ஈரமானியோடு சேர்த்து பிளாஸ்டிக் பைக்குள் காற்றுப்புகாமல் கட்டி வைத்தால், அடுத்த நாள் 75 காட்ட வேண்டும். 80 காட்டினால் அது ஐந்து கூடுதலாகச் சொல்கிறது என்று கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும். மலிவான ஈரமானி பலவும் இப்படித்தான் தப்பாகக் காட்டும், ஆள்கள் அதை நம்பி ஏமாந்துபோகிறார்கள்.

ஜொகூர்_தச்சன்:

தங்கச்சி சொன்னதுதான் உண்மை. ஏன் பிளக்கிறது என்றும் சொல்லிவிடுகிறேன். மரம் ஈரத்தைக் குடித்தால் அகலவாக்கில் விரியும், நீளவாக்கில் அசையவே அசையாது. மேல்பலகை இரண்டு, இரண்டரை மி.மீ. கனம்தான். அதற்குக் குறுக்காகச் சட்டம் ஒட்டியிருக்கிறது. பலகை விரியப் பார்க்கும், சட்டம் விடாது. ஈரம் கூடினால் பலகை மேலே உப்பி பிரிட்ஜைத் தூக்கும், தந்தி உயரும், வாசிக்கக் கை வலிக்கும். காய்ந்தால் சுருங்கப் பார்க்கும், அப்போதும் சட்டம் விடாது, கடைசியில் பலகை தானே கிழிந்துகொள்ளும். இங்கே விரிசல் விழுந்து வரும் கிட்டாரில் நிறைய ஏர்கான் அறையில் இருந்தவைதான்.

அப்புறம் ஒன்று. வெயிலில் நிறுத்திய காரில் கிட்டாரை விட்டுவிட்டு யாரும் சாப்பிடப் போகாதீர்கள். பசை இளகி பிரிட்ஜ் எழும்பிவிடும்.

மரமே_எல்லாம்:

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பின்பலகையின் நடுவில் கறுப்புக் கோடுகள் சிலந்திவலை மாதிரி ஓடுகின்றன. இது பிரேசில் ஈட்டியாக இருக்கலாம். அப்படி இருந்தால் அண்ணன் பாதி விலைக்குக் கொடுக்கிறார். நன்றாக விசாரித்துவிட்டு விற்கச் சொல்கிறேன், 6,000 வரை கேட்கலாம்.

யீஷூன்_ஆறுதந்தி:

அன்புக்கு நன்றி தம்பி, ஆனால் நான் அப்படி எழுத மாட்டேன். இந்த மாடலுக்கு இந்திய ஈட்டிதான் வழக்கம். படத்தை வைத்து மரத்தைத் தீர்மானிக்க முடியாது. இந்திய ஈட்டியிலும் அந்த மாதிரிக் கோடு வரும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. பிரேசில் ஈட்டி, டல்பெர்ஜியா நைக்ரா, 1992இலிருந்து, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. அந்த மரத்தில் செய்த கிட்டாரை எல்லை தாண்டி விற்க வேண்டுமானால் அது ஒப்பந்தத்துக்கு முந்தைய மரம் என்று சான்று காட்டி அனுமதி வாங்க வேண்டும். இங்கே அதைப் பார்ப்பது தேசியப் பூங்காக் கழகம். விலை ஏறட்டும் என்று நான் "பிரேசில்" என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டால், வாங்குபவர் நாளைக்குக் கடற்பாலத்தைத் தாண்டிக் கொண்டுபோகும்போது என் வார்த்தையே அவருக்கு வினையாக வந்து நிற்கும்.

ஜொகூர்_தச்சன்:

சரியாகச் சொன்னீர்கள். இந்திய ஈட்டிக்கும் ஒரு காலத்தில் சிக்கல் இருந்தது. 2017 ஜனவரி 2 முதல் டல்பெர்ஜியா பேரினத்தில் பிரேசில் ஈட்டி தவிர மற்ற எல்லா மரங்களையும் இரண்டாம் பட்டியலில் போட்டார்கள். செய்து முடித்த வாத்தியங்களுக்கு 2019 நவம்பர் 26 முதல் விலக்கு கொடுத்துவிட்டார்கள், பிரேசில் ஈட்டிக்கு மட்டும் அந்த விலக்கு கிடையாது.

அதோடு, இந்திய ஈட்டி என்றால் ஏதோ இரண்டாம் தரம் என்று நம் ஆள்களே நினைப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. நீலகிரி, வயநாடு, குடகுப் பக்கம் வளர்கிற மரம். பிரேசில் மரம் கிடைப்பது குறைந்தபோது ஸ்பெயினிலும் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் எல்லாரும் இதற்குத்தான் வந்தார்கள். இன்றைக்கு உலகத்தின் நல்ல கச்சேரிக் கிட்டார்களில் எத்தனையோ நம் மேற்குத் தொடர்ச்சி மலை மரத்தில்தான் ஒலிக்கின்றன. சத்தத்தில் பெரும்பங்கு மேல்பலகைக்குத்தான். பின்பலகைக்குப் பணத்தைக் கொட்டுவதற்கு முன்னால் மேல்பலகையைக் கேளுங்கள்.

தெம்பனிஸ்_அம்மா:

என் மகள் உயர்நிலை இரண்டு. பள்ளிக் கிட்டார் குழுவில் இருக்கிறாள், இளையர் விழாவுக்குப் பழகுகிறார்கள். சொந்தமாக நல்ல கிட்டார் வேண்டும் என்கிறாள். இதை வாங்கிக் கொடுக்கலாமா? எனக்கு ஒன்றும் தெரியாது, அதனால் கேட்கிறேன்.

யீஷூன்_ஆறுதந்தி:

சகோதரி, விற்பவனே சொல்கிறேன், வேண்டாம். பள்ளிக்குப் பேருந்தில் தூக்கிக்கொண்டு போய், ஏர்கான் அறையில் வைத்து, மழையில் திரும்பி வரும் கிட்டார் புதிதாக, உறுதியாக இருக்க வேண்டும். முழு ஸ்புரூஸோ சிடாரோ மேல்பலகையும் பிளைவுட் பின்பலகையும் உள்ள கிட்டார் சில நூறு வெள்ளிக்குக் கிடைக்கும். பெனின்சுலா ஷாப்பிங் சென்டர் பக்கம் போய் மகளையே உட்கார்ந்து வாசித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கை சின்னதாக இருந்தால் 630 மி.மீ. நீளத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒருபோதும் அதில் இரும்புத் தந்தி போட விடாதீர்கள். ஆறு நைலான் தந்திகள் சேர்ந்து இழுப்பது ஏறக்குறைய 40 கிலோ. இரும்புத் தந்தி 70ஐத் தாண்டும், பிரிட்ஜ் பிய்த்துக்கொண்டு வந்துவிடும்.

தேர்வெல்லாம் முடிந்த பிறகும் அவள் விடாமல் வாசித்தால், அப்போது பழைய கிட்டாரைப் பற்றி யோசிக்கலாம்.

பீடோக்_பாஸ்:

நேற்று சாயங்காலம் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். விவரமாக எழுதுகிறேன், மற்றவர்களுக்கும் பயன்படும்.

அண்ணன் கிட்டாரைக் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார், பக்கத்தில் நின்று பேசிக்கொண்டே இருக்கவில்லை, அது எனக்குப் பிடித்திருந்தது. முதலில் ஜொகூர் அண்ணன் சொன்னபடி கழுத்து. ஆறாம் தந்தியை முதல் ஃபிரெட்டிலும் பன்னிரண்டாவதிலும் அழுத்திப் பிடித்து நடுவில் எவ்வளவு இடைவெளி என்று பார்த்தேன். ஒரு காகிதம் நுழையும் அளவு. நேராக இருக்கிறது. பல் டாக்டர் கண்ணாடி மாதிரி ஒன்றும் கைப்பேசி விளக்கும் கொண்டுபோயிருந்தேன், ஒலித்துளை வழியாக உள்ளே பார்த்தால் விரிசலின் மேல் வரிசையாக ஐந்து மரத்துண்டுகள், ஓரமெல்லாம் சீவி அழகாக ஒட்டியிருக்கிறது. மேல்பலகையை விரல் முட்டியால் மெதுவாகத் தட்டிக்கொண்டே வந்தேன், எங்கும் சட்டம் கழன்ற சலசலப்பு இல்லை. பிரிட்ஜின் பின்விளிம்பில் மெல்லிய காகிதத்தை நுழைத்துப் பார்த்தேன், நுழையவில்லை.

பன்னிரண்டாவது ஃபிரெட்டில் ஹார்மோனிக்ஸையும் (தந்தியை அழுத்தாமல் மெல்லத் தொட்டு எழுப்பும் சுரம்) அழுத்திப் பிடித்த சுரத்தையும் டியூனரில் ஒப்பிட்டேன். மூன்றாம் தந்தி மட்டும் அழுத்தும்போது இரண்டு சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் இரண்டு பங்கு) கூடுதல், மற்றவை சரி. மூன்றாம் தந்தி எல்லாக் கிளாசிக்கல் கிட்டாரிலும் கொஞ்சம் முரண்டு பிடிக்கும்.

சத்தத்தைப் பற்றி என்ன எழுதுவது என்று தெரியவில்லை. முதல் தந்தியில் பன்னிரண்டாவது ஃபிரெட்டுக்கு மேலே போனால் என் கிட்டாரில் சுரம் மெலிந்து செத்துவிடும். இதில் அங்கேயும் சதைப்பற்றோடு நிற்கிறது. மெதுவாக மீட்டினாலும் அறையின் மறுமூலைக்குப் போகிறது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்துவிட்டேன்.

குறை என்று பார்த்தால், ஃபிரெட் பள்ளம் நான் நினைத்ததைவிட ஆழம். இரண்டாவது ஃபிரெட்டில் முதல் தந்தி கரகரக்கிறது. அந்த வேலை சீக்கிரம் செய்தாக வேண்டும். அதனால் அண்ணே, 2,500க்குக் கொடுப்பீர்களா? இங்கேயே எல்லார் முன்னாலும் கேட்கிறேன்.

கைவேலை_பிரியன்:

விவரத்துக்கு நன்றி. இதைப் படித்தபிறகு என் பழைய வாதத்தை நீட்ட விரும்பவில்லை. ஆனால் 2,500தான் நியாயம் என்று நானும் சொல்வேன், ஃபிரெட் வேலை விற்பவர் தலையில்தான் விழ வேண்டும்.

யீஷூன்_ஆறுதந்தி:

தம்பி வாசித்ததை அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். 2,600 என்று வைத்துக்கொள்வோம். ஈரமானி, கால்பலகை, பிரிக்காத இரண்டு செட் தந்தி எல்லாம் சேர்த்துத் தருகிறேன். பெட்டிக் கொக்கியை நானே மாற்றிவிடுகிறேன். அஞ்சல் இல்லை, முன்பணமும் வேண்டாம். சனிக்கிழமை வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

பீடோக்_பாஸ்:

சரி அண்ணே. சனிக்கிழமை வருகிறேன். டாக்சியில்தான் வருவேன், எம்ஆர்டி கூட்டத்தில் தூக்கிக்கொண்டு நிற்க மாட்டேன்.

வீணை_வீடு:

தம்பி, வீட்டுக்குக் கொண்டுபோனதும் உடனே பெட்டியைத் திறந்து ஏர்கான் அறையில் வைத்துவிடாதீர்கள். பெட்டி மூடியபடியே சில மணி நேரம் இருக்கட்டும்.

பீடோக்_பாஸ்:

வந்துவிட்டது, ஒரு வாரமாக வாசிக்கிறேன். என் அறையில் ராத்திரி ஏர்கான் ஓடுவதால் கிட்டாரைக் கூடத்தில் உள்சுவர் ஓரம் வைத்திருக்கிறேன், ஈரமானி 56 காட்டுகிறது. அண்ணன் கொடுத்த தந்தி நார்மல் டென்ஷன் (வழக்கமான இழுவிசை), அதையே போட்டிருக்கிறேன். கூடுதலாக இழுக்கும் ஹார்டு டென்ஷன் போட்டால் சத்தம் கூடுமா? அப்புறம் ஃபிரெட் வேலை. ஜொகூர் அண்ணே, உங்களிடம் கொண்டுவரலாமா? இருபது ஃபிரெட்டையும் மாற்ற வேண்டுமா?

ஜொகூர்_தச்சன்:

ஹார்டு டென்ஷன் வேண்டாம். ஐம்பது வயசு மேல்பலகை, ஒட்டிய விரிசல் வேறு. நார்மலிலேயே இவ்வளவு சத்தம் வருகிறது என்று நீங்களே எழுதினீர்கள்.

இருபதையும் பிடுங்கத் தேவையில்லை. முதல் மூன்றை மட்டும் புதிதாகப் போட்டு, மற்றவற்றோடு மட்டமாகத் தேய்த்துவிடலாம். ஆனால் பழைய ஃபிரெட் கம்பியின் அகலத்துக்கும் உயரத்துக்கும் பொருந்துகிற கம்பி கிடைக்க வேண்டும், கருங்காலியும் காய்ந்து கிடந்தால் பிடுங்கும்போது சில்லு பெயரும், சூடு காட்டி நிதானமாக எடுக்க வேண்டும். நான்காவது ஃபிரெட்டைக் காலிப்பர் வைத்து அளந்து அகலம், உயரம் இரண்டையும் தனிச்செய்தியில் அனுப்புங்கள். கம்பி கைக்கு வந்ததும் சொல்கிறேன், அதற்கு முன்னால் வர வேண்டாம். அதுவரை இரண்டாவது ஃபிரெட் கரகரக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அதற்காகச் சாடிலுக்கு அடியில் அட்டை எதுவும் வைத்து உயர்த்தாதீர்கள்.